வெளிநாட்டில் பொறியியல் படிக்க முழு உதவித்தொகை: நீலகிரிப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயி வீடு எங்களுடையது. கோவையில் பி.இ. முடித்து, ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையில் ஐரோப்பாவில் மேற்படிப்பு படித்தேன். படித்ததைவிட அங்கே போய்ச் சேர்ந்ததுதான் பெரும்பாடு. எந்த உதவித்தொகை பொறியியலுக்கு உண்டு, எது கிடையாது, எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது என்று சொல்ல மலையில் ஆள் கிடைக்கவில்லை. கீழே இறங்கிப் போய்க் கேட்டால், கன்சல்டன்சிக்காரர்கள் பணம் கட்டிப் படிக்கும் கல்லூரிகளின் பட்டியலைத்தான் நீட்டினார்கள். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தொகையும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகரும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. என்னென்ன செலவு அடங்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் ஆறு வரி எழுதுங்கள்: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவு, மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட், விசா. ஒவ்வொரு உதவித்தொகைக்கும் இந்த ஆறில் எது எதற்குப் பணம் வருகிறது என்று குறியுங்கள்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் கட்டணம் கிடையாது, போகவர விமான டிக்கெட் அவர்களே தருவார்கள், இளநிலை மாணவருக்கு மாதம் 1,17,000 யென் கைக்கு வரும். இது உண்மையிலேயே முழுசு. எராஸ்மஸ் முண்டுஸில் படிப்புக் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ. டிக்கெட், விசா எல்லாவற்றையும் அதிலிருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் தாராளமாகப் போதும். ஹங்கேரி அரசின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகும் கொஞ்சம் வேறு மாதிரி. கட்டணம் இல்லை, விடுதி இலவசம் அல்லது வாடகைக்கு மாதம் 40,000 ஃபோரிண்ட். கைச்செலவுக்கு வருவது மாதம் 43,700 ஃபோரிண்ட்தான். இதில் புடாபெஸ்டில் மாதத்தை ஓட்ட முடியாது, வீட்டிலிருந்து கொஞ்சம் போக வேண்டியிருக்கும். விமான டிக்கெட்டும் நம் கையிலிருந்துதான்.

அமெரிக்கக் கல்லூரி 'முழு டியூஷன்' என்று எழுதினால் அது கட்டணம் மட்டும். தங்கவும் சாப்பிடவும் அதே அளவு பணம் தனியாக ஆகலாம். 'லோன் ஸ்காலர்ஷிப்' என்று இருந்தால் அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன். ஜே. என். டாட்டா அறக்கட்டளை தருவது அந்த வகை. நல்ல உதவிதான், ஆனால் நாம் தேடுவது அதையல்ல.

2. பெரிய பெயர்களில் பொறியியல் இல்லாதவற்றை அடித்துவிடுங்கள்

நிறையப் பேர் அமெரிக்காவில் படிக்கத் தரும் ஃபுல்பிரைட் என்ற பெயரைக் கேட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓடுகிறார்கள். ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகைக்கான துறைப் பட்டியலில் பொறியியல் கிடையாது. இன்லாக்ஸ் அறக்கட்டளையும் பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் தருவதில்லை. இந்த இரண்டுக்காகவும் கட்டுரை எழுதி உட்காராதீர்கள்.

இங்கிலாந்தின் செவ்னிங் எல்லாத் துறைக்கும் உண்டு, பொறியியலும் சேர்த்து. ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் காட்ட வேண்டும். அங்கே படித்து முடித்ததும் நம் நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டு இருக்கவும் வேண்டும். கல்லூரியை இப்போதுதான் முடித்தவர்களுக்கு அது அடுத்த கதை.

3. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

*பிளஸ் டூ முடிக்கப் போகிறவர்கள்.* வழி குறுகல், ஆனால் இருக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஜப்பான்தான். மெக்ஸ்ட் இளநிலைக்கு எழுத்துத் தேர்வு உண்டு. பொறியியலுக்கு ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், அதோடு ஜப்பானிய மொழித் தாள். ஜப்பானிய மொழி தெரியாதே என்று பயந்து விட்டுவிடாதீர்கள், தேர்வானபின் அங்கே ஓராண்டு மொழி சொல்லிக்கொடுத்துத்தான் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். பழைய வினாத்தாள்களை அவர்களே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஜேஇஇ-க்குப் படித்த பிள்ளைக்கு அந்தக் கணக்குகள் அந்நியமாக இருக்காது. அதே அறிவிப்பில் 'கோசென்' எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் தனியாக இடம் இருக்கும். செய்முறைப் படிப்பு பிடித்தவர்கள் அதைப் பாருங்கள், போட்டியும் கொஞ்சம் மட்டுப்படும். அறிவிப்பு சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் தளத்தில் வரும்.

கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையில் இளநிலைக்கு 25 வயதுக்குள் இருக்க வேண்டும், பள்ளி மதிப்பெண் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு கிடையாது, காகிதமும் நேர்காணலும்தான். அங்கேயும் முதல் ஆண்டு கொரிய மொழி. ஹங்கேரியிலும் இளநிலைப் பொறியியல் உண்டு, ஆங்கிலத்திலேயே.

அமெரிக்காவில் எம்.ஐ.டி., பிரின்ஸ்டன், ஹார்வர்டு, யேல் மாதிரிச் சில இடங்களில் வெளிநாட்டு மாணவரின் குடும்ப வசதியைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்து, சேர்த்தபின் குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் அவர்களே தருவார்கள். இதற்குத் தனியாக உதவித்தொகை விண்ணப்பம் கிடையாது, 'சிஎஸ்எஸ் புரொஃபைல்' என்ற குடும்ப வருமானப் படிவம் மட்டும்தான். இடம் கிடைப்பது மிக மிக அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போட்டுப் பாருங்கள், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

*பி.இ. கடைசி ஆண்டு படிப்பவர்கள், முடித்தவர்கள்.* பணம் உண்மையில் குவிந்திருப்பது இங்கேதான். பிளஸ் டூவில் கிடைக்கவில்லை என்று முகம் வாடிய பிள்ளைகளிடம், நான்கு ஆண்டு கழித்து வா, கதவு பெரிதாகத் திறந்திருக்கும் என்றுதான் நான் சொல்வேன்.

எராஸ்மஸ் முண்டுஸ் முதுநிலைப் படிப்புகள் இரண்டு மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துபவை. அதன் பட்டியலை இணையத்தில் திறந்து பொறியியல் என்று வடிகட்டினால் ஆற்றல், நீர், பொருளறிவியல், ரோபாட்டிக்ஸ் என்று வரிசையாக வரும். எத்தனைக்கு வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், கடைசி ஆண்டு மாணவரும் போடலாம். ஒவ்வொரு படிப்புக்கும் தனி இணையதளம், தனித் தேதி. பெரும்பாலும் அக்டோபரில் திறந்து ஜனவரிக்குள் மூடிவிடுவார்கள். நான் சேர்ந்த வழி இது என்பதால் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகவே சொல்கிறேன்: நடுத்தரக் கல்லூரியில் படித்து, நல்ல புராஜெக்ட் ஒன்று கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

சவூதியில் உள்ள கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (சுருக்கமாகக் கௌஸ்ட்) முதுநிலைக்கோ முனைவர் படிப்புக்கோ சேர்த்துக்கொண்ட எல்லாருக்குமே கட்டணம், மாதத் தொகை, வீடு, மருத்துவம் நான்கையும் தருகிறது. சேர்க்கைதான் உதவித்தொகை. ஏனோ நம் பக்கம் இதைப் பற்றிப் பேசுவாரே இல்லை.

கனடாவில் ஆய்வேடு எழுதும் முதுநிலைப் பொறியியலுக்குப் பேராசிரியர் தன் ஆய்வு நிதியிலிருந்து பணம் தருவது வழக்கம், வகுப்புப் பாடம் மட்டும் உள்ள முதுநிலைக்குத் தரமாட்டார்கள். அமெரிக்காவில் எம்.எஸ். பெரும்பாலும் காசு கொடுத்துப் படிப்பது. ஆனால் பி.இ. முடித்தவுடன் நேரே பிஎச்.டி.க்குப் போகலாம், அங்கே கட்டணத் தள்ளுபடியும் மாதச் சம்பளமும் சேர்ந்தே வரும். பிஎச்.டி. என்றதும் வயதானவர்கள் படிப்பது என்று ஒதுங்க வேண்டாம். ஜப்பானின் மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் திட்டமும் பி.இ. முடித்தவர்களுக்குத்தான். 35 வயதுக்குள் இருந்தால் போதும், மாதம் 1,43,000 யென்னிலிருந்து தொடங்கும்.

*வேலை பார்ப்பவர்கள்.* ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு நடத்தும் ஈபாஸ் (EPOS) திட்டத்துக்கு இரண்டு ஆண்டு அனுபவமும் ஆறு ஆண்டுக்குள் வாங்கிய பட்டமும் வேண்டும். நீர் மேலாண்மை, மின்சாரம், போக்குவரத்து போன்ற துறைகளில் மாதம் 992 யூரோ. உதவித்தொகை இல்லாமல் போனாலும் ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிடையாது, செலவுக்கு மட்டும் பணம் காட்ட வேண்டும். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலமும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கு, அங்கே நம்மிடம் கட்டணம் வாங்குகிறார்கள்.

4. நம் அரசுகளின் பணத்தை மறக்காதீர்கள்

வெளிநாட்டுத் தளங்களையே துழாவுகிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். ஒன்றிய அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் வெளிநாட்டு முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20 பேருக்கு உதவித்தொகை தருகிறது. அதில் 3 இடம் தொன்மைப் பழங்குடியினருக்கு என்றே ஒதுக்கியது. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு சமூகத்தாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நாடு முழுவதும் சேர்த்துப் போட்டியிடுவோர் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, பட்டம் முடித்த ஒரு பணியர் வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 6 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது: 125 இடம், வருமான வரம்பு 8 லட்சம், 35 வயதுக்குள், பட்டத்தில் 60 சதவீதம். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது.

இவற்றில் ஒரு சிக்கல்: பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் முதலில் கையில் இருந்தால்தான் தேர்வு சுலபம். நிபந்தனையுடன் கூடிய அனுமதியைச் சில சமயம் ஏற்கமாட்டார்கள். ஆகவே பணம் வரும் முன்பே சேர்க்கை வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்குவது கோட்டாட்சியர், தாசில்தார் அல்ல. ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்று இடத்தில் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. கள விசாரணை உண்டு, மாதக்கணக்கில் இழுக்கலாம். முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள்.

5. உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள்

அவசரமில்லை என்று தோன்றும், ஆனால் விண்ணப்பங்கள் அதிகமாகச் சிக்குவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ரேவதி எம்', ஆதாரில் 'ரேவதி', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் 'மணி', சொந்தப் பெயர் 'ரேவதி', கல்லூரி மதிப்பெண் பட்டியலில் 'எம் ரேவதி'. நமக்கு நால்வரும் ஒரே ரேவதி. சியோலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு நான்கு பேர்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் விரித்து எழுதுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகி வரும். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பாஸ்போர்ட் வந்தபின் எல்லா விண்ணப்பத்திலும், ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு), ஜிஆர்இ (மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) பதிவிலும் அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். மற்ற சான்றிதழ்களுக்கு, எல்லாப் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் ஆங்கிலத்தில் வாங்கி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் பலருடையதில் குழந்தையின் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும், அப்பா அம்மா பெயர் மட்டும் இருக்கும். கொரியா பெற்றோர்-பிள்ளை உறவுக்குச் சான்று கேட்கும்போது அது செல்லாது. பேரூராட்சியிலோ நகராட்சியிலோ பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும்.

6. காகிதங்கள்

*பாஸ்போர்ட்.* நமக்குக் கோவை மண்டல அலுவலகம். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூட 2,000. எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்கள் ஆதார் முகவரியில் டிவிஷன் பெயரும் லைன் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போலீஸ் சரிபார்ப்புக்கு வருகிறவர் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போனால் கோப்பு அப்படியே கிடக்கும்.

*டிரான்ஸ்கிரிப்ட்.* மதிப்பெண் பட்டியல் வேறு, இது வேறு. எல்லா செமஸ்டரும் ஒரே தாளில், முத்திரையிட்ட உறையில் வரும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்திடம், தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம். என் கல்லூரியில் இதற்காக அலைந்த அலைச்சலை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வரும். ஒரு வாரம் பொறுப்பு எழுத்தர் லீவு, அடுத்த வாரம் முத்திரை வேறு அறையில் பூட்டியிருக்கும். ஏழாவது செமஸ்டரிலேயே கேட்டு வாங்குங்கள், வாங்கும்போதே நான்கைந்து பிரதியாக வாங்குங்கள். கூடவே ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றும் கேளுங்கள். சில இடங்களில் ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதில் அதையே ஏற்றுக்கொள்வார்கள்.

*வருமானம்.* இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்கு விண்ணப்பித்தால் தாசில்தார் கையெழுத்திட்ட வருமானச் சான்றிதழ் வரும். மே, ஜூனில் ஜமாபந்தி நடக்கும் நாட்களில் தாலுகா அலுவலகத்தில் எந்த வேலையும் நகராது, அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். நம் அரசுத் திட்டங்களுக்கு அது போதும். அமெரிக்க சிஎஸ்எஸ் படிவத்துக்குப் போதாது, சம்பளச் சீட்டு கேட்பார்கள். பச்சைத் தேயிலை விற்கும் அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு எங்கே இருக்கும்?

இதற்கு ஒரு வழி உண்டு. இலை வாங்கும் ஃபேக்டரி மாதாமாதம் தரும் இலைச் சீட்டை எடுங்கள். எத்தனை கிலோ, என்ன விலை, உரத்துக்கும் முன்பணத்துக்கும் எவ்வளவு பிடித்தம், கையில் எவ்வளவு என்று அதில் எல்லாம் இருக்கும். பன்னிரண்டு மாதச் சீட்டையும் கூட்டி ஒரே பக்க ஆங்கிலக் கணக்காக எழுதுங்கள்: எத்தனை ஏக்கர், ஆண்டில் எத்தனை கிலோ இலை, சராசரி விலை, பறிகூலி, உரம், மீதி. ஜனவரியில் பனி விழுந்து இலை கருகிய மாதத்தில் வரவு ஏன் சுருங்கியது என்று ஒரு வரி சேருங்கள். வங்கிப் பாஸ்புத்தக நகலைப் பின்னால் வையுங்கள். எஸ்டேட் தொழிலாளர் வீடு என்றால் கூலிச் சீட்டும் பி.எஃப். கணக்கும் போதும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லை, ஆனால் அந்த விஷயத்தைக் கட்டுரையில் எழுதினால் படிப்பார்கள்.

*அப்போஸ்டில்.* சான்றிதழ் உண்மையானது என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் முத்திரை. கொரியாவுக்கு இது கட்டாயம் தேவைப்படும். முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும், அப்புறம்தான் அமைச்சகம். அமைச்சகத்தின் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். அதை முடித்துத் தர ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்சிகள் இருக்கின்றன, பேரம் பேசுங்கள், அல்லது இ-சனத் தளத்தில் உங்கள் சான்றிதழுக்கு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக்கே போக வேண்டி வந்தால், மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மறுநாள் வேலையை முடித்து, அன்றிரவே அதே வண்டியில் திரும்பலாம். ரூம் வாடகை மிச்சம்.

7. தேர்வுகளும் அவற்றின் விலையும்

ஐஇஎல்டிஎஸ் 18 ஆயிரம் ரூபாய் அளவில் வருகிறது, இரண்டு ஆண்டு செல்லும். கோவையில் எழுதலாம். ஜிஆர்இ அதைவிடக் கூடுதல், ஐந்து ஆண்டு செல்லும். ஆனால் இப்போது பல இடங்களில் அது கேட்கப்படுவதே இல்லை. பட்டியலில் உள்ள படிப்புகளில் எதற்கு வேண்டும் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கட்டியாயிற்று என்றால், தேர்வு எழுதும் நாளிலேயே நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 75 முதல் 125 டாலர் வரை ஆகும். சேர்க்கை அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கட்டண விலக்குக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பலருக்குக் கிடைத்திருக்கிறது. மெக்ஸ்ட், ஜிகேஎஸ், ஸ்டிபெண்டியம் ஹங்காரிகும் மூன்றுக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது) வாங்க வேண்டும், 18 ஆயிரம் ரூபாய். 2022 நவம்பரிலிருந்து அது இல்லாமல் பெரும்பாலானோர் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது.

8. பரிந்துரைக் கடிதம்

துறைத் தலைவர் கையெழுத்துதான் பெரிது என்று நினைத்து, உங்கள் முகமே தெரியாதவரிடம் போகாதீர்கள். புராஜெக்டில் கூட இருந்த உதவிப் பேராசிரியர் எழுதுவது நூறு மடங்கு மேல். 'நீயே டிராஃப்ட் எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்' என்பார்கள். பதிலுக்கு நீங்கள் செய்த வேலைகளைப் புள்ளிப் புள்ளியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, 'சார், இதைப் பார்த்து உங்கள் பாணியில் எழுதிக்கொடுங்கள்' என்று கேளுங்கள். இரண்டு கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கல்லூரி மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள். ஜிமெயிலிலிருந்து வரும் கடிதத்தைச் சில தளங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்பே கேட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் போய் ஒரு வணக்கம் வையுங்கள்.

9. மாதக் கணக்கு, மலையின் கணக்கு

ஏப்ரல், மேயில் மெக்ஸ்ட். இது நம் சீசன் நேரம். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் கோவைக்குப் போகவே அரை நாள் ஆகும், தபாலைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை செவ்னிங்கும் டாட் படிப்புகளும். செப்டம்பர், அக்டோபரில் ஜிகேஎஸ் இளநிலை. டிசம்பர் முதல் பாதியில் அமெரிக்க பிஎச்.டி., ஜனவரி முதல் வாரத்தில் எம்.ஐ.டி. போன்ற இளநிலை இடங்கள். ஜனவரி 15 வாக்கில் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகும். இதற்கு ஹங்கேரித் தளத்தில் ஒரு விண்ணப்பம், நம் கல்வி அமைச்சகத் தளத்தில் இன்னொரு விண்ணப்பம் என்று இரண்டு போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பெயர் வரவே வராது. பிப்ரவரி, மார்ச்சில் ஜிகேஎஸ் முதுநிலை.

கவனித்தீர்களா, முக்கியமான தேதிகளில் பல அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவில் விழுகின்றன. வடகிழக்குப் பருவமழை குன்னூர் மலைப்பாதையில் மண்ணைச் சரிக்கும் மாதங்களும் அவைதான். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்தாருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு. மரம் விழுந்தால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் டவரும் போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதை நம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறிவிப்பில் எந்தத் தேதி இருந்தாலும் அதற்குப் பத்து நாள் முன்னால்தான் உங்கள் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சான்றிதழையும் பிடிஎஃப் ஆக்கி ஃபோனிலும் பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். கோவையில் விடுதியில் இருப்பவர்கள் அங்கிருந்தே சமர்ப்பித்துவிட்டு ஊருக்கு வாருங்கள்.

நேரத்தையும் பாருங்கள். ஜப்பானும் கொரியாவும் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே இரவு எட்டரை.

10. காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

'முழு ஸ்காலர்ஷிப் உறுதி, பிராசசிங் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். எந்த நாட்டு அரசும் ஏஜென்ட் வைத்து உதவித்தொகை கொடுப்பதில்லை. இலவசப் படிவத்தை நிரப்பித் தர ஒரு லட்சம் வரை கேட்டவர்களைக் கோவையில் நேரில் பார்த்திருக்கிறேன். அசல் சான்றிதழை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பணம் கட்டினால்தான் திருப்பித் தருவோம் என்று பிடித்து வைத்துக்கொள்கிற ஆட்களும் உண்டு. நீங்கள் போடும் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

11. தேர்வான பிறகு

கடிதம் வந்ததும் ஊருக்கெல்லாம் சொல்வதற்கு முன், ஏற்றுக்கொள்கிறேன் என்று எந்தத் தேதிக்குள் பதில் போட வேண்டும் என்று பாருங்கள். இரண்டு இடத்தில் கிடைத்திருந்தால் வேண்டாததை உடனே எழுதி விட்டுக்கொடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் இருக்கிற இன்னொரு பிள்ளைக்கு அது போகும். ஜெர்மனிக்கு உதவித்தொகை இல்லாமல் போகிறவர் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும். உதவித்தொகைக் கடிதம் அந்த அளவுக்கு இருந்தால் அது வேண்டியதில்லை. அமெரிக்காவுக்கு விசாக் கட்டணம் 185 டாலர், செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், இரண்டையும் பெரும்பாலும் நாம்தான் கட்ட வேண்டும். நேர்காணல் சென்னையில்.

முழு உதவித்தொகை என்றாலும் முதல் மாதப் பணம் இறங்கிய அன்றே வந்துவிடாது. அங்கே வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், பதிவு முடிய வேண்டும். சில நாடுகளில் ஒன்றரை மாதம்கூட ஆகும். வாடகை முன்பணம், குளிர் உடுப்பு, சமையல் பாத்திரம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் வரும். ஜப்பான் அறிவிப்பிலேயே 2,000 டாலர் அளவுக்குக் கையில் கொண்டு வரச் சொல்கிறார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் அதே கணக்கில் வையுங்கள். வீட்டில் அவ்வளவு இல்லையென்றால் ஒரு சிறு நகைக்கடன் போதும், தொகை தாராளமாக வரும் நாடென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுவிடலாம். குளிர் உடுப்பு மட்டும் ஊட்டியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரும் தெர்மலும் அங்கே விற்கும் விலையில் கால்வாசிதான் வரும். பனியில் நடக்கும் பூட்ஸை மட்டும் போய் வாங்கிக்கொள்ளலாம், இங்கே கிடைப்பது அந்தப் பனிக்குத் தாங்காது.